சொல்லடியும் கையடியும்: சென்னை மாகாணம் முதல் இணையக் காலம் வரை மானநட்ட வழக்கின் வரலாறு

சொல்லால் அடிபட்டவரையும் கையால் அடிபட்டவரையும் இந்தியச் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 306. ஒருவர் இறந்தால் அவருக்கிருந்த வழக்குரிமைகளும் அவர்மேல் பிறருக்கிருந்த வழக்குரிமைகளும் வாரிசுகள் வழியே தொடரும் என்று சொல்லத் தொடங்கும் அப்பிரிவு, சிலவற்றை மட்டும் கழித்துவிடுகிறது. அவதூறு, தாக்குதல், மரணம் விளைவிக்காத பிற தனிநபர்த் தீங்குகள் ஆகிய மூன்றும் ஆளோடு சேர்ந்து மடிந்துவிடும். 1881ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில், 89ஆம் பிரிவாக இருந்த விதிதான் இது. இங்கிலாந்து 1934-இல் அவதூறையும் தாக்குதலையும் பிரித்துவிட்டது. தாக்குதலுக்கான வழக்கு அங்கே வாரிசுகளுக்குப் போகும், அவதூறு வழக்கு போகாது. இந்தியாவில் இரண்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த இணைப்பு தற்செயலானதல்ல. மானம் போனது என்று கருதுபவர் கையை ஓங்குவதும், கை ஓங்கியவர்மீது மறுநாள் இன்னொரு அவதூறு கிளம்புவதும் நம் தெருக்களில் தொடர்ந்து நடப்பவை. திருச்சிராப்பள்ளியின் பொன்மலை போன்ற ஒரு ரயில்வே குடியிருப்பில் எழுதுபவரும் எழுதப்பட்டவரும் ஒரே பணிமனையில் வேலை பார்ப்பார்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவார்கள். எழுதியவரைத் தேடிப் போக ஒருவர் ரயில் ஏற வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் இரவு பதிந்த ஒரு வரி மறுநாள் காலை ஷிப்டில் கைகலப்பாக முடிய எந்தத் தடையும் இல்லை. அப்படி நடந்தபின் இருதரப்பும் போகும் இடம் காவல் நிலையம். மானநட்ட ஈடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறவர் மிக அரிது. ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. சென்னை உயர்நீதிமன்றம் இந்தக் கதவை இங்கிலாந்துக்கு முன்பே திறந்துவைத்தது. பின்னால் அதை அடைத்தவை பெரும்பாலும் சட்டக் கோட்பாடுகளல்ல. கட்டணம், கெடு, சாட்சியம், மரணம் ஆகியவையே.

*1884-இல் திறந்த கதவு*

தொடக்கம் பார்வதி எதிர் மன்னார் வழக்கு (1884). ஒரு பெண்ணை, முறைப்படி மணமாகாதவள், நடத்தை கெட்டுப் பல ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவள் என்ற பொருள்பட ஒருவர் ஏசினார். அப்பெண் நட்ட ஈடு கேட்டார். அன்றைய ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி இது செல்லாத வழக்கு. எழுதியதாக இருந்தால் போதும்; பேசியதாக இருந்தால், அந்தப் பேச்சால் இன்ன பண நட்டம் வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிய பழிச்சொல்லுக்கும் அங்கே இதே விதிதான். சென்னை உயர்நீதிமன்றம் அந்த விதியை இங்கே இறக்குமதி செய்ய மறுத்தது. பண நட்டம் காட்டாமலே அந்தப் பெண்ணுக்கு வழக்குரிமை உண்டு என்றது. இங்கிலாந்து தன் பெண்களுக்கு இதே உரிமையைத் தனிச் சட்டம் இயற்றிக் கொடுத்தது 1891-இல். ஏழு ஆண்டு கழித்து.

இதன் பொருளாதாரப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். கூலிக்காரப் பெண் ஒருத்தியிடம், உன் பெயர் கெட்டதால் எத்தனை ரூபாய் போயிற்று என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. வியாபாரியிடம் பேரேடு இருக்கும். ஆங்கில விதி பேரேடு வைத்திருப்பவனின் மானத்தைக் காத்தது. சென்னைத் தீர்ப்பு அந்தப் பாகுபாட்டை ஒரே வீச்சில் நீக்கியது. இந்திய நீதிமன்றங்கள் வழங்கிய மானநட்டத் தீர்ப்புகளில் இதற்கிணையான துணிச்சல் வேறெதிலும் இல்லை என்பது என் மதிப்பீடு.

எல்லா ஏச்சும் இதில் அடங்காது. 1899-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், சண்டைச் சூட்டில் வாயில் வந்த வெறும் வசவுக்கு நட்ட ஈடு கிடையாது என்று எல்லை வகுத்தது. குழாயடியில் வாய்த்தகராறு முற்றி விழும் சொற்களையெல்லாம் நீதிமன்றம் எடை போட முடியாது என்பது நியாயந்தான். இந்த எல்லை நூறாண்டு கழித்துக் கைப்பேசியில் எழுதப்பட்டவற்றுக்குப் பொருந்துமா என்ற சிக்கல் அப்போது எவர் கனவிலும் இல்லை.

*இரண்டு தடங்கள்*

இதற்கு முன்பே, 1862 சனவரி 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 499ஆம் பிரிவு பேச்சையும் எழுத்தையும் படத்தையும் வேறுபடுத்தாமல் அவதூறைக் குற்றமாக்கியது. ஆக, மானம் போனவருக்கு இரண்டு தடங்கள்: எதிரியைச் சிறைக்கு அனுப்ப அவதூறு வழக்கு, எதிரியிடம் பணம் பெற மானநட்ட வழக்கு. இரண்டின் உள்ளமைப்பும் வேறு. மானநட்ட வழக்கில் சொன்னது உண்மை என்று நிறுவினால் போதும், எதிரி தப்பிவிடலாம். குற்ற வழக்கில் உண்மையாக இருப்பது போதாது, அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். 1926-இல் சென்னை உயர்நீதிமன்ற முழு ஆயம் திருவேங்கட முதலி வழக்கில் இன்னொரு வேறுபாட்டையும் உறுதிப்படுத்தியது. நீதிமன்ற நடவடிக்கையில் சொல்லப்பட்ட ஒரு கூற்று மானநட்ட வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்புப் பெறலாம். அதே கூற்றுக்குக் குற்ற வழக்கில் அந்த முழுப் பாதுகாப்பு இல்லை, சட்டத்தில் எழுதியுள்ள விதிவிலக்குகள் மட்டுமே உண்டு.

சட்டம் இவ்வாறு கூர்மைப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் பொன்மலை உருவானது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றியது. 1928-இல் மாற்றம் நிறைவுற்றது. அந்த ஆண்டே ரயில்வேயில் பெரும் வேலைநிறுத்தம். துண்டறிக்கை, சுவரொட்டி, வாயிற்கூட்டம் ஆகியவை இங்கே அன்றாட மொழியாயின. மேற்பார்வையாளரையும் கருங்காலியையும் பெயர் சொல்லித் தாக்கும் துண்டறிக்கைக்கு யார் பொறுப்பு? 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதற்குப் பாதி விடை தந்தது. தொழில் தகராறின்போது சங்கத்தின் முகவர் ஒருவர் செய்த தீங்குக்கு, நிர்வாகக் குழுவுக்குத் தெரியாமலோ அதன் வெளிப்படையான கட்டளைக்கு மாறாகவோ அவர் செய்தார் என்று நிறுவினால், பதிவு பெற்ற சங்கம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றது. எழுதியவரின் தனிப்பொறுப்பை இந்த விதி துடைத்துவிடவில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் யார் எதைப் போட்டாலும் அட்மினைப் பிடி என்று இன்று கிளம்புபவர்கள் இந்தப் பழைய விதியின் தர்க்கத்தைப் படித்துப் பார்க்கலாம்.

*கத்தி முடித்த வழக்கு*

அச்சு அவதூறும் உடல்மீதான தாக்குதலும் தமிழகத்தில் மோதிய மிகப் பெரிய நிகழ்ச்சி 1944-இல். அதன் நடுநாயகர் திருச்சியோடு பிணைந்தவர். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவர் எஃப்.ஜி. நடேச ஐயர். அவர் தென்னிந்திய ரயில்வேயின் அதிகாரி. திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர். லோகிதாசனாக நடித்த அந்தச் சிறுவன், 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ படத்தின் மூலம் புகழின் உச்சியில் இருந்தார்.

சி.என். லட்சுமிகாந்தன் நடத்திய ‘சினிமா தூது’ திரைக் கலைஞர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பிழைத்த ஏடு. பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள்; ஏட்டின் உரிமம் போயிற்று. அவர்கள் நாடியது ஆட்சியாளரின் கையை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வழி ஏட்டை மூடியதே தவிர எழுதுபவரை நிறுத்தவில்லை. அவர் ‘இந்துநேசன்’ என்ற இன்னொரு ஏட்டோடு வந்தார். இன்று ஒரு சேனலை முடக்கினால் மறுவாரம் வேறு பெயரில் முளைப்பது போலவே.

1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945-இல் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். பாகவதரின் திரைவாழ்வு அந்தச் சிறையிலேயே முடிந்தது எனலாம்.

இந்த வழக்கைக் குற்றவியல் வரலாறாகவே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். உரிமையியல் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பிரிவு 306-இன்படி, லட்சுமிகாந்தனின் உயிர் பிரிந்த கணமே, அவரால் அவதூறுக்கு ஆளான ஒவ்வொருவருக்கும் அவர்மேல் இருந்த மானநட்ட உரிமையும் அழிந்தது. குத்தியவன் யாரானாலும், அவன் கத்தி அவதூறுக்கு ஆளானவர்களின் வழக்கையும் சேர்த்தே கொன்றது. மறுபக்கம், லட்சுமிகாந்தனின் குடும்பத்துக்கு 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி கொலையாளியிடம் நட்ட ஈடு கேட்கும் உரிமை பிறந்தது. அவதூறு செய்தவர் பக்கம் சட்டம் ஒரு கதவைத் திறக்க, அவதூறுக்கு ஆளானவர்கள் பக்கம் இன்னொன்று மூடிக்கொண்டது. கையை ஓங்குவது தார்மீகப் பிழை என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது வழக்கு உத்தியாகவும் படுதோல்வி.

மரணம் எப்படி வழக்கை விழுங்கும் என்பதை, 1986-இல் தொகுப்பில் வெளியான மேலேபுரத்து சங்குண்ணி எழுத்தச்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வாதி தோற்று, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இறந்தால் வாரிசுகள் தொடர முடியாது. வாதி வென்று, எதிரி மேல்முறையீடு செய்திருக்கும்போது வாதி இறந்தால் தொடரலாம். ஏனெனில் தீர்ப்புத் தொகை அதற்குள் சொத்தாகிவிட்டது. நம் நீதிமன்றங்களின் வேகத்தில் வயதானவர் மானநட்ட வழக்குத் தொடுப்பது தன் ஆயுளோடு பந்தயம் கட்டுவதாகிறது.

*ஊதுபத்தியும் நக்கீரனும்*

விடுதலைக்குப் பின் சட்டத்தை நகர்த்தியவை பத்திரிகை வழக்குகள். திருநெல்வேலியிலிருந்து இலங்கைக்கு ஊதுபத்தி அனுப்பும் ஒருவர் அதற்குள் போதைப்பொருள் கடத்திப் பிடிபட்டார் என்று ‘தினமலர்’ செய்தி வெளியிட்டது. பெயர் இல்லை. ஆனால் அந்த ஊரில் அந்தத் தொழில் செய்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைத்தான் நினைத்தார்கள். 1910-இல் தொகுப்பில் வெளியான ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றின்படி, எழுதியவருக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும் அவர் பொறுப்பாளி. 1972-இல் தொகுப்பில் வெளியான டி.வி. ராமசுப்ப ஐயர் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உள்நோக்கமின்றி நேர்ந்த அவதூறுக்கு நட்ட ஈடு இல்லை என்றது. 1884-இல் பாதிக்கப்பட்டவர் பக்கம் சாய்ந்த அதே நீதிமன்றம், இங்கே ஆங்கில விதியை மறுத்து எழுதியவர் பக்கம் சாய்ந்தது. ஊதுபத்திக்காரரின் நிலையிலிருந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பு எனக்கு உவப்பானதல்ல. அவரைப் பார்த்த கண்கள் எதுவும் ஆசிரியரின் உள்நோக்கத்தை விசாரித்திருக்காது.

1994 அக்டோபரில் ‘நக்கீரன்’ வழக்கு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை இதழ் வெளியிடாமல் தடுக்க அதிகாரிகள் முயன்றார்கள். உச்ச நீதிமன்றம், வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் மானநட்ட வழக்கே தொடுக்க முடியாது என்றது. அரசு ஊழியர் தம் பணி தொடர்பான எழுத்துக்கு நட்ட ஈடு பெற, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்று காட்ட வேண்டும். 1964ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்ப்பும் 1993ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்பும் இதற்குத் துணை நின்றன.

*திரையில் ஏறிய பழி*

இணைய அவதூறின் இந்தியக் கதை தொடங்கியவுடனேயே சென்னை அதில் வந்துவிட்டது. 2004-இல் ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுவில் ஆபாசமாக எழுதப்பட்டது. அவர் எவரையும் அழைக்கிறார் என்ற பொருள்பட இருந்த அந்தச் செய்தியால் அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அந்த ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளியைத் தண்டித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள். விரைவான நீதிதான். ஆனால் அது குற்ற வழக்கு. அந்தப் பெண்ணுக்கு நட்ட ஈடு பெற்றுத் தரும் வழக்கு அல்ல.

நட்ட ஈட்டுப் பாதை கரடுமுரடாகவே இருந்தது. 2001-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தொடங்கிய முதல் இணைய அவதூறு வழக்கில் ஒரு நிறுவனம் முன்னாள் ஊழியருக்கு எதிராக இடைக்காலத் தடை பெற்றது. அந்தத் தடையை எல்லாப் பாடநூல்களும் மேற்கோள் காட்டுகின்றன. வழக்கு 2014-இல் தள்ளுபடியானதை வெகுசில நூல்களே சொல்கின்றன. அவதூறான மின்னஞ்சலை அனுப்பியது அந்த ஊழியர்தான் என்று நிறுவ முடியவில்லை. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2020-இலும் உறுதி செய்தது. இன்று அது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு வக்கீலிடம் ஓடுபவர் பாதி வழக்கை அப்போதே இழந்திருக்கிறார்.

கெடு இன்னும் கொடியது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மானநட்ட வழக்குக்கு ஓராண்டுதான் தருகிறது. இணையத்தில் பதிவு நாள்தோறும் கண்ணில் படுகிறதே, நாள்தோறும் புதுக் கெடு பிறக்காதா என்றால், 2013-இல் டெல்லி உயர்நீதிமன்றம் இல்லை என்றது. முதலில் வெளியான நாளிலிருந்தே கணக்கு. 1849-இல் இங்கிலாந்தில் ஒரு பிரபு, பதினேழு ஆண்டு பழைய செய்தித்தாளின் ஒரு படியை வாங்கிவரச் செய்து புது வழக்குத் தொடுத்து வென்றார். அந்த வசதி இங்கே கிடையாது.

பகிர்ந்தவரின் பொறுப்பு பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் ஐயமின்றிப் பேசியிருக்கிறது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவொன்றை 2018-இல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகருக்கு முன்பிணை மறுத்தபோது, ஒன்றைப் பகிர்வது அதை ஏற்பதும் ஆமோதிப்பதுமே என்றது. 2024 பிப்ரவரியில் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நட்ட ஈட்டுத் தீர்ப்புகளும் அண்மையில் வந்திருக்கின்றன. சாத்தான்குளம் காவல் மரணங்களோடு சேவா பாரதி அமைப்பை முடிச்சுப் போட்ட யூடியூபர் ஒருவர் 50 லட்சம் தர வேண்டும் என்று அந்த அமைப்பு 2024-இல் தீர்ப்புப் பெற்றது. கோடநாடு கொள்ளை வழக்கு குறித்த காணொளி தொடர்பாக முன்னாள் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு அதே ஆண்டில் 1.10 கோடி. இரண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தின் நேரடி விசாரணை எல்லைக்குள் நடந்தவை. வாதிகள் பெயரும் வசதியும் உள்ளவர்கள். பொன்மலைப் பணிமனையின் பிட்டர் ஒருவருக்கு இந்த எண்கள் தினத்தாளில் படிக்க மட்டுமே. அரசியல்வாதிகள் ஒருவருக்கொருவர் அனுப்பும் கோடி ரூபாய் வக்கீல் நோட்டீசுகளோ பெரும்பாலும் நீதிமன்றப் படியேறாத காகிதங்கள்.

*ஓங்கிய கை*

இப்போது பதிவைக் கண்டு கொதித்தவர் எழுதியவரின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார், தள்ளுமுள்ளு ஆகிவிட்டது என்று கொள்வோம். அவதூறு காவல்துறை தானாக வழக்குப் பதியக்கூடிய குற்றமல்ல. எனவே காவல் நிலையத்தில் எழுதப்படுவது கைகலப்பு மட்டும். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, மிரட்டியது என்ற மூன்றும் சேர்ந்தே வரும். 294(பி), 323, 506 என்ற எண்கள் தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு மனப்பாடம். 2024 சூலையில் புதிய தண்டனைச் சட்டம் வந்ததும் எண்கள் மாறின, பழக்கம் மாறவில்லை. புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, இருதரப்பு எழுத்து வாக்குமூலம், சமரசம். முதலில் அவமானப்பட்டவர் முதல் எதிரியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறார்.

அவதூறு அவருக்கு எந்த அளவு தற்காப்பு? குற்றவியலில் ஓரளவு உண்டு. திடீர்க் கடுஞ்சினத்தால் தாக்கியவருக்குத் தண்டனை குறைவு. ஆனால் நேற்றிரவு படித்துவிட்டு இன்று காலை வந்தவருக்கு ‘திடீர்’ என்பது பொருந்தாது. நட்ட ஈட்டில் இன்னும் கடினம். 1968-இல் தொகுப்பில் வெளியான லேன் எதிர் ஹாலோவே என்ற ஆங்கில வழக்கில், அறுபத்து நான்கு வயதுக்காரர் அண்டை வீட்டு இளைஞரின் மனைவியை இழிவாகப் பேசினார். இளைஞர் முகத்தில் குத்தினார். பேச்சு கோபமூட்டியது உண்மைதான், ஆனால் காயத்துக்கான ஈட்டை அது குறைக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 75 பவுண்டை 300 ஆக்கியது.

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட ஆணை 8, விதி 6-அ. அடிபட்டவர் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால், அடித்தவர் அதே வழக்கில் தன் மானநட்டத்துக்கு எதிர்க்கோரிக்கை வைக்கலாம். ஒரே நீதிபதி சொல்லடியையும் கையடியையும் சேர்த்து எடைபோட்டு, ஒன்றை மற்றதில் கழித்துத் தீர்ப்புச் சொல்ல முடியும். காவல் நிலையச் சமரசத்தால் செய்ய முடியாத காரியம் இது. எங்கே வழக்குப் போடுவது என்பதிலும் தாராளம் உண்டு: பிரிவு 19-இன்படி தீங்கு நடந்த இடத்திலோ எதிரி வசிக்கும் இடத்திலோ தொடரலாம். இருவரும் பொன்மலைக்காரர்கள் என்றால் திருச்சி நீதிமன்றமே போதும். உயர்நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது.

எஞ்சியது கட்டணம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 7.5 விழுக்காடாக இருந்த நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 3 விழுக்காடானது. பத்து லட்சம் கேட்பவர் முப்பதாயிரத்தை முன்னதாகக் கட்ட வேண்டும். பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமான வரம்பின்றி 1987ஆம் ஆண்டின் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறலாம். மானநட்ட வழக்குக்கு அந்த உதவி கிடைக்குமா என்பதைத் திருச்சி நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டறியலாம். இந்த உதவி கிடைக்காதவர்களுக்கு அந்த மூன்று விழுக்காடே வாசற்படி. உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களின் கட்டணம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட மானநட்ட, தாக்குதல் ஈட்டு வழக்குகளுக்கு ஒரு சிறு நிலைக் கட்டணத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் விதிக்க வேண்டும். அதற்கு 1955ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும்.